படுக்கையிலிருந்து எழுப்பிவிடுவது: புதிதாகப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியவர்களுக்கு

வீட்டில் ஒருவர் தளர்ந்துபோய்விட்டார், தானாக எழுந்திருக்க முடியவில்லை என்றதும் பெரும்பாலானோர் முதலில் ஒரு வாக்கர் வாங்கிவிடுகிறார்கள். அடுத்த வாரம் கட்டிலுக்குப் பக்கக் கம்பி, அப்புறம் தலைக்கு மேல் தொங்கும் பிடி என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் வாக்கரில் துண்டு காயும்; எழுப்பிவிடுகிறவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார். வாங்கிய பொருளில் குறை இருக்காது. படுத்திருப்பவர் எந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறார் என்று யாரும் நின்று பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

படுத்திருப்பவர் எழுந்து நிற்பது பார்வைக்கு ஒரே அசைவு. ஆனால் அதற்குள் நான்கு வேலைகள் இருக்கின்றன: ஒருக்களித்துத் திரும்புவது, காலைக் கீழே விட்டு நிமிர்ந்து உட்காருவது, கட்டில் ஓரத்தில் சாயாமல் உட்கார்ந்திருப்பது, அங்கிருந்து எழுந்து நிற்பது. எந்தக் கருவியும் இவற்றில் ஒன்றுக்கோ இரண்டுக்கோதான் உதவும். வாக்கருக்கு வேலை வருவதே நான்கும் முடிந்த பிறகு. திரும்பவே முடியாமல் கிடப்பவருக்கு வாக்கர் வாங்கி என்ன பயன்?

ஆகவே காசை வெளியே எடுப்பதற்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்றுதான்.

கை கொடுக்காமல் ஒருமுறை பாருங்கள்

பகலில், அவர் நன்றாக விழித்திருக்கும் நேரத்தில், "உங்களால் முடிந்த வரைக்கும் எழுந்திருங்கள், நான் பக்கத்திலேயே நிற்கிறேன்" என்று சொல்லுங்கள். விழுந்துவிடுவார் என்று தோன்றினால் ஒழியக் கை கொடுக்காதீர்கள். அன்பு மிகுதியால் நாம் எடுத்த எடுப்பிலேயே தூக்கிவிடுகிறோம். அதனால் அவரால் எவ்வளவு முடியும் என்பது நமக்கும் தெரிவதில்லை, கொஞ்ச நாளில் அவருக்கும் மறந்துவிடுகிறது.

அவர் கைகளைக் கவனியுங்கள். போர்வையைச் சுருட்டி முஷ்டியில் பிடித்து இழுக்கிறார், போர்வை கையோடு வந்துவிடுகிறது, மறுபடி இழுக்கிறார் என்றால் திரும்புவதற்கு உறுதியான ஒரு பிடி இல்லை என்று பொருள். மல்லாந்தபடியே தலையைத் தூக்கி நேராக எழப் பார்த்து, திரும்பவும் தலையணையில் விழுகிறாரா? அப்படி எழுவதற்கு வயிற்றுத் தசையில் நல்ல வலு வேண்டும்; தளர்ந்த உடம்பில் அந்த வலு இருக்காது. இவருக்குக் கருவியைவிட முறை மாறுவதே முக்கியம். உட்கார்ந்த பிறகும் இரண்டு உள்ளங்கையையும் மெத்தையிலிருந்து எடுக்கப் பயப்படுகிறார், ஒரு பக்கமாகச் சாய்கிறார் என்றால் உட்காரும் சமநிலை போதவில்லை. அவரை நிறுத்தப் பார்ப்பதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும். பிட்டம் இரண்டு விரற்கடை எழும்பித் திரும்பவும் மெத்தையில் பொத்தென்று உட்கார்ந்தால், கட்டில் தாழ்வாக இருக்கலாம், பாதம் முன்னால் தள்ளி இருக்கலாம், தொடையில் வலு குறைந்திருக்கலாம். இந்த வரிசையிலேயே சந்தேகப்படுங்கள்.

காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்ப்பது நல்லது. மூட்டுத் தேய்மானம் உள்ளவருக்குக் காலையில் உடம்பு விறைத்திருக்கும். பார்க்கின்சன் நோய் உள்ளவர் அன்றைய முதல் மாத்திரை வேலை செய்வதற்கு முன் ஒரு ஆளாகவும், பின் வேறொரு ஆளாகவும் இருப்பார். அப்படிப்பட்டவருக்கு மாத்திரையைப் படுக்கையிலேயே கொடுத்து, அது பிடித்த பிறகு எழுப்பலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பல வீடுகளில் பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

பார்த்ததைப் பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள். "எழ முடியவில்லை" என்பதைவிட "திரும்பி உட்கார்ந்துவிடுகிறார், நிற்கும்போதுதான் திரும்ப விழுகிறார்" என்ற ஒரு வரி அவருக்குப் பெரிய உதவி. இடுப்பு மூட்டு அறுவை, முதுகெலும்பு அறுவை, பக்கவாதம் ஆகியவற்றுக்குப் பிறகு மருத்துவமனையில் என்ன சொல்லி அனுப்பினார்களோ அதுவே முதல் விதி. இந்தக் கட்டுரை அதற்கு அடுத்துதான்.

கட்டில் உயரமும் மெத்தையும்

காசு அதிகம் செலவாகாமல் மிகப் பெரிய மாற்றம் தருவது கட்டிலின் உயரம். அவர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். இடுப்பு முட்டியைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். இதற்கு அளவு எடுப்பது சுலபம். செருப்போடு அவரை நாற்காலியில் உட்காரவைத்து, முட்டியின் பின்மடிப்பிலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். மெத்தையின் ஓரம், அவர் உட்கார்ந்து அமுங்கிய நிலையில், அந்த அளவைவிடச் சில சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் சரி. பெரும்பாலான பெரியவர்களுக்கு இது 45 முதல் 55 செ.மீ.க்குள் வரும். காலியான மெத்தையை அளந்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். ஆள் உட்கார்ந்தால் நுரை மெத்தை எளிதாக 5 செ.மீ. இறங்கும்.

தாழ்ந்த கட்டிலை உயர்த்த, கால்களுக்குக் கீழே வைக்கும் குழிவான தாங்கிகள் கிடைக்கின்றன. கட்டில் கால் அந்தக் குழிக்குள் ஆடாமல் உட்கார வேண்டும். நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும். கட்டில், மெத்தை, ஆள் என்று மொத்த எடையையும் தாங்க வேண்டும். செங்கல்லும் பலகைத் துண்டும் அடுக்குவது வேண்டாம். ஆள் ஓரத்தில் உட்காரும் ஒவ்வொரு முறையும் எடை பக்கவாட்டில் விழுகிறது, அடுக்கு நழுவும். கட்டிலில் சக்கரம் இருந்தால் பூட்டுங்கள். பூட்டிய பிறகு இடுப்பால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

மெத்தை ஓரம் கடினமாக இருக்க வேண்டும். ஓரம் சரிந்தால் உட்கார்ந்தவர் மெதுவாக முன்னால் வழுக்கிக்கொண்டே வருவார். அதைச் சமாளிக்கவே அவருடைய வலு முழுவதும் போய்விடும். படுக்கைப் புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தையில் இந்தத் தொல்லை அதிகம். சில மெத்தைகளின் மோட்டாரில் காற்றை இறுக்கி நிறுத்தும் பொத்தான் இருக்கும். எழுப்புவதற்கு முன் அதைப் போட்டு, வேலை முடிந்ததும் பழைய நிலைக்கு மாற்றுங்கள்.

தரையில் மிதியடி, ஒயர், ஈரம் எதுவும் கூடாது. காலுறை மட்டும் போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. குதிகாலை மூடிய, அடியில் ரப்பர் உள்ள செருப்போ ஷூவோ வேண்டும். கணுக்காலுக்குக் கீழே தொங்கும் உடையை மடித்துவிடுங்கள்.

திடீரென்று நிமிர்த்தாதீர்கள்

படுத்திருந்தவர் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. இளம் உடம்பு உடனே ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத் துடிப்பைக் கூட்டி ஈடுகட்டிவிடும். வயதானவர்களுக்கும், நீண்ட நாள் படுத்தவர்களுக்கும், நீரிழிவால் நரம்பு பாதித்தவர்களுக்கும், பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் இந்த ஈடுகட்டல் தாமதமாகும் அல்லது நடக்காது. பிபி மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை, சில புராஸ்டேட் மாத்திரைகள் ஆகியவை இதைக் கூட்டும். நின்ற 3 நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் (பிபி) மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவர்கள் அதை ஒரு கோளாறாகவே கணக்கில் எடுப்பார்கள். வீட்டில் பிபி கருவி இருந்தால் படுத்தபடி ஒன்று, நின்று 1 நிமிடத்தில் ஒன்று, 3 நிமிடத்தில் ஒன்று என்று எடுத்து எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும் ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே இருக்க விடுங்கள். அந்த நேரத்தில் கணுக்காலை மேலும் கீழுமாகப் பத்துப் பதினைந்து முறை ஆட்டச் சொல்லுங்கள். கெண்டைக்கால் தசை சுருங்கும்போது கீழே தேங்கிய ரத்தம் மேலே போகும். தலை சுற்றுகிறதா என்று கேட்டால் பலர் "இல்லை" என்றுதான் சொல்வார்கள், தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று. முகத்தைப் பாருங்கள். உதடு வெளுத்தாலோ, பார்வை எங்கோ நிலைகுத்தினாலோ, பேச்சு நின்றாலோ திரும்பப் படுக்க வைத்துவிடுங்கள்.

எழுப்பும் முறை

முதலில் தடைகளை நீக்குங்கள். சிறுநீர்க் குழாய் இருந்தால் பையை அவர் இறங்கும் பக்கத்துக்கு மாற்றுங்கள். பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகவே இருக்கட்டும். ஆக்சிஜன் குழாய் எட்டுமா பாருங்கள். கண்ணாடியைப் போட்டுவிடுங்கள், காது கேட்கும் கருவியையும் மாட்டிவிடுங்கள். நீங்கள் சொல்வது காதில் விழாமல் எந்த முறையும் பலிக்காது. ஒரு பக்கம் வலு குறைந்தவர் என்றால், பிசியோதெரபிஸ்ட் வேறு மாதிரி சொல்லாத வரை, வலுவுள்ள பக்கமாக இறங்குவது பொதுவாக எளிது, ஏனென்றால் ஊன்றப்போகும் கை அந்தப் பக்கத்துக் கை.

1. மல்லாந்திருப்பவர் முட்டிகளை மடித்துப் பாதங்களை மெத்தையில் ஊன்றட்டும். தலையை இறங்கும் பக்கம் திருப்பட்டும். தலை போகும் பக்கம் உடம்பு வரும்.

2. எதிர்ப்பக்கக் கையை மார்புக்குக் குறுக்கே நீட்டி, கட்டில் ஓரத்தையோ கைப்பிடியையோ பிடிக்கட்டும். முட்டி, இடுப்பு, தோள் மூன்றும் ஒன்றாக உருளட்டும். உதவி தேவையென்றால் உங்கள் ஒரு கை அவர் தோள்பட்டை எலும்பின் மேல், மற்றது இடுப்பின் மேல். கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. பக்கவாதத்தால் தொய்ந்த தோள் இழுத்தால் மூட்டிலிருந்து நழுவும்.

3. ஒருக்களித்து வந்ததும் பாதங்கள் ஓரத்தைத் தாண்டி வெளியே வரட்டும். கால்கள் கீழே இறங்கும் அதே நேரத்தில், கீழே இருக்கும் முழங்கையாலும் மேல் கையின் உள்ளங்கையாலும் மெத்தையைத் தள்ளச் சொல்லுங்கள். காலின் எடை கீழே இழுக்க, மேலுடம்பு தானாக எழும்பும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் பாதி வேலை மிச்சம். காலை இறக்கிவிட்டுச் சற்றுக் கழித்து எழ முயன்றால் முதுகு முறுக்கிக்கொள்ளும்.

4. உட்கார்ந்தபின், முன்பு சொன்ன ஒன்றிரண்டு நிமிடம்.

5. பிட்டத்தை இடம் வலமாக நகர்த்தி ஓரத்துக்கு வரட்டும். பாதங்கள் இடுப்பின் அகலத்துக்கு விலகி, முட்டிக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும்.

6. கைகள் மெத்தையில் ஊன்றியிருக்க, மூக்கு கால்விரலுக்கு நேர் மேலே வரும்வரை முன்னால் குனியச் சொல்லுங்கள். பிறகு "ஒண்ணு, ரெண்டு, எழுந்திருங்க" என்று எண்ணுங்கள். எந்தச் சொல்லில் எழ வேண்டும் என்பதை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

7. நின்றதும் உடனே நடக்க விடாதீர்கள். முட்டி நிமிர்ந்து, தலை நிமிர்ந்து, இரண்டு மூன்று மூச்சு விடட்டும்.

ஆறாவதில்தான் பலர் தோற்பார்கள். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்தபடி எழப் பார்ப்பார்கள்; பின்னால் சாய்ந்த உடம்பு எழாது. எழுப்பிவிடுகிறவர் நேர் எதிரே, நெருக்கமாக நிற்பதும் ஒரு காரணம். குனிய இடமில்லாமல் செய்துவிட்டு "குனியுங்கள்" என்று சொன்னால் அவர் எங்கே குனிவார்? சற்றுப் பக்கவாட்டில், அவரது வலு குறைந்த பக்கத்தில் நில்லுங்கள். இடுப்பு மூட்டு மாற்றியவருக்கு மட்டும் இவ்வளவு குனிவது ஆகாமல் இருக்கலாம். சில வகை அறுவைக்குப் பிறகு இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். அவர்களுக்குக் கட்டிலை இன்னும் உயர்த்தி, அறுவை செய்த காலைச் சற்று முன்னால் நீட்டியபடி எழ வைக்க வேண்டியிருக்கும்.

உங்கள் கை எங்கே இருக்க வேண்டும்

அக்குளில் கைவிட்டுத் தூக்குவது எல்லோருக்கும் தானாக வருகிற பழக்கம். விட்டுவிடுங்கள். அவருடைய முழு எடையும் தோள் மூட்டிலும் அக்குள் வழியாகப் போகும் நரம்புக் கற்றையிலும் தொங்குகிறது. உங்கள் முதுகும் அதே நேரத்தில் வளைந்து முறுக்குகிறது. அவர் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு எழுவதும் அப்படித்தான். அவர் கால் மடங்கினால் இரண்டு பேரும் சேர்ந்து விழுவீர்கள்.

இதற்கென்றே இருப்பது இடுப்புப் பெல்ட். பட்டையான துணிப் பட்டை, சிலவற்றில் பக்கவாட்டிலும் பின்னாலும் கைப்பிடி இருக்கும். உட்கார்ந்த நிலையில் உடையின் மேல் கட்டுங்கள். உங்கள் விரல் இரண்டு உள்ளே போகும் அளவுக்கு இறுக்கம் போதும். நின்றதும் தளர்ந்துவிடும், மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். கையைக் கீழிருந்து மேலாக, உள்ளங்கை மேல் நோக்கியபடி நுழைத்துப் பிடியுங்கள். இந்தப் பெல்ட் அவரைத் தூக்குவதற்கு இல்லை. அவர் எழும்போது திசை காட்டவும், சரிந்தால் நிறுத்தவும்தான். வயிற்றில் அண்மையில் அறுவை நடந்தவர், குடலிறக்கம் உள்ளவர், வயிற்றில் உணவுக் குழாயோ மலப் பையோ உள்ளவர், விலா முறிந்தவர் ஆகியோருக்கு மருத்துவரைக் கேட்காமல் கட்டக் கூடாது.

உங்கள் கால் ஒன்று முன்னால், ஒன்று பின்னால். முட்டி மடங்கியிருக்கட்டும், இடுப்பு வளைய வேண்டாம். எவ்வளவு எடை வரை தூக்கலாம் என்று கேட்டால், அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நோயாளிகளைக் கையால் தூக்குவதற்குச் சொல்லும் உச்ச அளவு 16 கிலோ. அதுவும் எல்லாம் சாதகமாக இருந்தால். 70 கிலோ எடையுள்ளவரின் ஒரு கால் மட்டுமே ஏறத்தாழ 11 கிலோ. ஆக, ஒரு ஆளைத் தூக்குவது என்பது யாருடைய உடம்புக்கும் கட்டுப்படியாகாத காரியம். அவர் தன் எடையில் பெரும்பங்கைத் தானே தாங்க முடியவில்லை என்றால் உங்கள் தைரியத்தை நம்பாமல் கருவிக்குப் போங்கள்.

எந்தச் சிக்கலுக்கு எந்தக் கருவி

திரும்புவதில் சிக்கல் உள்ளவருக்கு வழுக்கும் துணி உதவும். இடுப்புக்குக் கீழே மட்டும் சாட்டின் போன்ற வழவழப்பான துணியை விரித்தால், உருளும்போது மெத்தை பிடித்து இழுக்காது. ஆனால் துணி கட்டில் ஓரம் வரை வரக் கூடாது. ஓரத்தில் உட்காரும்போது அதன் மேல் இருந்தால் நேரே தரைக்கு வழுக்கிவிடுவார். கனமான போர்வைக்குப் பதில் லேசான ஒன்றைப் போட்டாலே சிலருக்குத் திரும்ப முடிகிறது, முதலில் அதைச் செய்து பாருங்கள்.

கால் கனக்கிறது, தூக்கி வெளியே விட முடியவில்லை என்றால் கால் தூக்கும் பட்டை: ஒரு முனையில் விறைப்பான வளையம், மறு முனையில் கைப்பிடி. வளையத்தில் பாதத்தை நுழைத்துத் தன் கையால் தானே காலை நகர்த்திக்கொள்ளலாம். திரும்பப் படுக்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

நிமிர்ந்து உட்காருவதில் சிக்கல் என்றால் மூன்று வழி. கட்டிலின் கால்மாட்டில் கட்டும் கயிற்று ஏணி ஒன்று. படிப்படியாகப் பிடித்து இழுத்து எழலாம், தோளும் விரல்களும் நன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது, தலைக்கு மேல் தொங்கும் முக்கோணப் பிடி. படுக்கையில் மேலே நகரவும், பெட் பேன் வைக்க இடுப்பைத் தூக்கவும் இது நல்லது. ஆனால் ஓரத்துக்கு வந்து உட்கார இது உதவாது, எழுந்து நிற்க அறவே உதவாது. மூன்றாவது, தலைப்பக்கம் உயரும் கட்டில். வசதி இருந்தால் இதைத்தான் பரிந்துரைப்பேன், அதிலும் மொத்த உயரமும் ஏறி இறங்கும் மின் கட்டிலை. எழும்போது உயர்த்தலாம், தூங்கும்போது தாழ்த்தலாம், உடம்பு துடைக்கும்போது உங்கள் முதுகுக்கு ஏற்ற மட்டத்துக்குக் கொண்டுவரலாம். தலைப்பக்கம் மட்டும் உயர்வதை வாங்கிவிட்டு மொத்த உயரம் மாறாததை வீட்டுக்கு வந்தபின் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. வாங்கும் முன் அழுத்திக் கேளுங்கள்.

கட்டில் கைப்பிடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மெத்தைக்கு அடியில் நுழையும் தட்டையான சட்டம், பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு பிடி. திரும்ப, உட்கார, நிற்க மூன்றுக்கும் உதவும் ஒரே கருவி இதுதான். சரியாகப் பொருத்தினால் இதற்கு இணையில்லை. தவறாகப் பொருத்தினால் ஆளைக் கொல்லும். மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவில் இடைவெளி விழுந்து, தூக்கத்தில் உருண்டவரின் கழுத்தோ மார்போ அதில் சிக்கி மூச்சுமுட்டி இறந்த நிகழ்வுகள் பல பதிவாகியுள்ளன. அமெரிக்காவில் இதனாலேயே இத்தகைய கம்பிகள் திரும்பப் பெறப்பட்டு, 2023-ல் கட்டாயப் பாதுகாப்புத் தரமும் நடைமுறைக்கு வந்தது. மருத்துவமனைக் கட்டில்களுக்காக அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2006-ல் தந்த வழிகாட்டுதல்படி, கம்பிகளுக்கு இடையிலும், கம்பிக்கும் மெத்தைக்கும் இடையிலும் தலை நுழையும் அளவுக்கு, அதாவது 120 மி.மீ.க்கு, இடம் இருக்கக் கூடாது. வீட்டில் இன்னும் கறாராக இருங்கள்: மெத்தை கம்பியோடு ஒட்டியே இருக்கட்டும்.

பொருத்தியதும் சட்டத்தோடு வரும் வாரைக் கட்டிலின் எதிர்ப்பக்கச் சட்டம் வரை கொண்டுபோய் இறுக்குங்கள். வாரில்லாத கைப்பிடியை வாங்கவே வேண்டாம். பிறகு மெத்தையின் மேல் நீங்களே படுத்து, கைப்பிடியை வெளிப்பக்கமாகப் பலமாகத் தள்ளிப் பாருங்கள். ஒரு விரற்கடை நகர்ந்தாலும் கட்டு போதவில்லை. வாரம் ஒருமுறையும், விரிப்பு மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள். மறதி நோய் உள்ளவர், இரவில் குழம்புகிறவர், தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர், படுக்கையில் புரண்டுகொண்டே இருப்பவர் ஆகியோருக்கு இது ஏற்றதல்ல. அவர்களுக்குத் தாழ்த்திய கட்டிலும் பக்கத்தில் கனமான மெத்தை விரிப்பும்தான் பாதுகாப்பு. எழுப்பும்போது விரிப்பை எடுத்துவிடுங்கள்.

கட்டிலின் முழு நீளத்துக்கும் கம்பி போட்டு அடைப்பது வேறு விஷயம். விழாமல் இருக்கட்டும் என்று போடுகிறோம். கழிப்பறைக்கு அவசரமாகப் போக வேண்டியவர் அதன் மேல் ஏறிக் குதிக்கப் பார்ப்பார், இன்னும் உயரத்திலிருந்து விழுவார்.

வாக்கர், கைத்தடி

வாக்கரின் உயரத்துக்கு: செருப்போடு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் மடிப்பு இருக்கும் மட்டத்தில் பிடி இருக்க வேண்டும். பிடித்தபின் முழங்கை லேசாக மடங்கியிருக்கும். அதைப் பிடித்து இழுத்து எழக் கூடாது. இழுத்தால் முன்கால்கள் தரையைவிட்டுத் தூக்கிக்கொண்டு வாக்கர் அவர் மேலேயே சாயும், சக்கரம் வைத்ததென்றால் ஓடிவரும். மெத்தையைத் தள்ளி எழுந்து, நின்றபின் ஒவ்வொரு கையாக வாக்கருக்கு மாற்ற வேண்டும். கால்களின் ரப்பர் குப்பி தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். கைத்தடி என்றால் பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்.

நிற்கவே முடியாதவருக்கு

உட்கார்ந்தால் நிலையாக இருப்பார், கையில் வலு உண்டு, கால் மட்டும் தாங்காது என்றால் மாற்றுப் பலகை. கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் பாலமாகப் போட்டு, சிறிது சிறிதாக நகர்ந்து போகலாம். நாற்காலியின் பக்கக் கைப்பிடி கழற்றக் கூடியதாக இருக்க வேண்டும். பிரேக் போட்டு, கால் வைக்கும் தட்டை ஒதுக்கிவிட்டு, இரண்டையும் ஒரே மட்டத்தில் வையுங்கள். வெற்றுத் தோல் பலகையில் ஒட்டி இழுபட்டால் கிழியும், அதனால் உடையோடுதான்.

இரண்டு காலிலும் ஓரளவு எடை தாங்குவார், ஆனால் அடி எடுத்துவைக்க முடியாது என்றால், பிடித்து நிற்கும் சட்டமும் முட்டிக்குத் தாங்கலும் உள்ள நிற்கவைக்கும் தள்ளுவண்டி உண்டு. அதுவும் முடியாதவருக்குத் தொட்டில் போன்ற துணியில் ஏந்தித் தூக்கும் இயந்திரம். துணியின் அளவு அவர் உடம்புக்குப் பொருந்த வேண்டும், பெரிதாக இருந்தால் நழுவுவார். இயந்திரத்தில் எழுதியிருக்கும் எடை வரம்பைப் பாருங்கள். தையல் பிரிந்த துணியைத் தூக்கிப் போடுங்கள். காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டு தனியாகச் செய்யத் துணியாதீர்கள். தெரிந்தவரிடம் நேரில் கற்று, முதலில் வீட்டில் திடமான ஒருவரை ஏற்றி இறக்கிப் பழகி, அதன் பிறகு இரண்டு பேராகச் செய்யுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு எழுப்பத்தான் வேண்டுமா, படுத்தே இருக்கட்டுமே என்று தோன்றும். 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல உடல்நலத்தோடு இருந்த முதியவர்கள் 10 நாள் படுக்கையில் இருந்ததற்கே கால்களில் கிட்டத்தட்ட 1 கிலோ சதையை இழந்திருந்தார்கள். நோயோடு படுத்தவருக்கு அதைவிடக் குறையப்போவதில்லை.

இரவு

இரவு எழுவது பெரும்பாலும் சிறுநீருக்காக. கட்டிலை ஒட்டிக் கமோடு நாற்காலி போடுங்கள், கால்கள் வழுக்காத ரப்பர் உள்ளதாக. ஆண்களுக்குச் சிறுநீர்க் குடுவை போதும். அசைவு கண்டு தானாக எரியும் சிறு விளக்கைக் கட்டிலுக்கு அடியில் ஒட்டினால் தரை தெரியும், கண் கூசாது. அழைப்பு மணி அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று அவரையே எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், நீங்கள் வரும்வரை காத்திருக்கச் சொன்னால் சீக்கிரம் வாருங்கள். இரண்டு முறை தாமதமானால் மூன்றாம் முறை மணி அடிக்காமலே எழுந்துவிடுவார்.

சரிந்துவிட்டால்

எழுப்பும்போது கால் மடங்கினால் தாங்கிப் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். பெல்ட்டைப் பிடித்தபடி உங்கள் உடம்போடு அணைத்து, உங்கள் முன்காலின் மேல் வழுக்கவிட்டு, தலை அடிபடாமல் தரைக்கு இறக்குங்கள்.

இறங்கியதும் தூக்காதீர்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். இடுப்பில் கடும் வலி இருந்தாலோ, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தாலோ, இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அவரை அசைக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டு ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குத்தான். முகம் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் திடீர்ச் செயலிழப்பு, நெஞ்சுவலி இவற்றுக்கும் அதேதான்.

அடி எதுவும் இல்லை, தெளிவாக இருக்கிறார் என்றால் சற்று ஓய்வுக்குப் பின் அவரே எழட்டும்: ஒருக்களித்து, கைகளை ஊன்றி, நான்கு காலில் வந்து, முன்னால் போட்ட உறுதியான நாற்காலியின் இருக்கையில் கைகளை வைத்து, வலுவான காலின் பாதத்தை ஊன்றி எழும்போது, பின்னால் நீங்கள் இன்னொரு நாற்காலியைத் தள்ளிவிடலாம். முடியவில்லை என்றால் இழுத்துப் பிடிக்க வேண்டாம். தலைக்கு ஒரு தலையணை, மேலே ஒரு போர்வை போட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் கடினமான தரையில் கிடந்தால் தோலும் தசையும் நசுங்கிச் சிறுநீரகம் வரை பாதிக்கும். உதவி தாமதமானால் ஒரே பக்கமாகக் கிடக்காமல் அவ்வப்போது மெதுவாகப் புரட்டிவிடுங்கள்.